சொல் கேட்பதும் விசுவாசிப்பதும்: போன்ஹோஃபரின் 'நாக்ஃபோல்கே' பற்றிச் சில குறிப்புகள்

கிறிஸ்தவத்துக்குள்ளே ஒரு பழைய வழக்கு இருக்கு. மனுஷன் இரட்சிக்கப்படுவது விசுவாசத்தால் மட்டுமா, கீழ்ப்படிதலும் சேர்ந்தால்தானா? கேட்க ஏதோ இறையியல் கல்லூரிப் பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாரோ ஒருவர் அடிபடுகிறார். "விசுவாசம் போதும்" என்று சொல்லி நிறுத்தினால், கந்துவட்டிக்கு விட்டு ஏழையைப் பிழிகிறவனும் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். "கீழ்ப்படிந்தால்தான் அது விசுவாசம்" என்று சொன்னால், இளகிய மனசாட்சி உள்ள ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் "என்னுடையது நிஜ விசுவாசம்தானா?" என்று தன்னையே குடைந்துகொண்டிருப்பார். முரடனுக்கு முதல் பதில் வசதி. மென்மையானவருக்கு இரண்டாவது பதில் சித்திரவதை.

இந்த வழக்கில் கடந்த நூறு வருஷத்தில் வந்த ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லச் சொன்னால், நான் டீட்ரிக் போன்ஹோஃபரின் 'நாக்ஃபோல்கே'யைச் சொல்வேன். போன்ஹோஃபர் ஜெர்மன் லூத்தரன் போதகர். 1906-இல் பிறந்தவர். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டவர். புத்தகம் 1937-இல் வந்தது. தலைப்புக்கு நேரான அர்த்தம் 'பின்செல்லுதல்'. 1948-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு 'சீஷத்துவத்தின் விலை' என்று பெயரை மாற்றியது. அந்தப் பெயர் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. மலிவான கிருபை, விலையேறப்பெற்ற கிருபை என்று முதல் அத்தியாயம் பேசுவதால் அது நியாயமான பெயர்தான். ஆனாலும் அதில் ஒரு நஷ்டம் உண்டு. வாசகர் எடுத்த எடுப்பிலேயே விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்: எவ்வளவு கொடுத்தால் போதும், அடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்று. இந்தப் புத்தகம் தப்பாகப் படிக்கப்படுவது அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் பழைய கணக்கு

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 3, 4-ஆம் அதிகாரங்களில் பவுல், கடவுள் ஒருவரை நீதிமானாக ஏற்பது அவருடைய செயல்களைக் கணக்குப் பார்த்து இல்லை, விசுவாசத்தை வைத்துத்தான் என்று வாதாடுகிறார். யாக்கோபு தன் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், செயலில் வராத விசுவாசத்தைப் பிணத்தோடு சேர்த்துப் பேசுகிறார். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான்: ஆபிரகாம்.

மார்ட்டின் லூத்தர் 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொண்டுவந்தபோது ரோமர் 3:28-இல் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். இதை வைத்து "லூத்தருக்குக் கீழ்ப்படிதல் வேண்டாம்" என்று சொல்லிவிட முடியாது. 1530-இல் லூத்தரன் தரப்பு எழுதிக்கொடுத்த ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 6-ஆம் பிரிவுக்குத் தலைப்பே 'புதிய கீழ்ப்படிதல்'. விசுவாசம் நல்ல கனிகளைத் தர வேண்டும் என்று அது சொல்கிறது.

அப்புறமும் சண்டை ஓயவில்லை. லூத்தர் இறந்த சில வருஷங்களிலேயே, 1550-களில், கேயோர்க் மாயோர் என்பவர் இரட்சிப்புக்கு நற்செயல்கள் அவசியம் என்றார். நிக்கோலாஸ் ஃபொன் அம்ஸ்டோர்ஃப் பதிலுக்கு, இரட்சிப்புக்கு நற்செயல்கள் கெடுதல் என்றே எழுதிவிட்டார்! 1577-இல் முடிந்த ஒப்புரவு ஆவணம் இரண்டு வாக்கியங்களையும் தள்ளியது. இரண்டு பேரும் லூத்தருக்கு நெருக்கமானவர்கள், இரண்டு பேருக்கும் நல்ல நோக்கம். இருந்தும் ஒரு வரிச் சூத்திரமாக எழுதியதும் இரண்டுமே கோணலாகிப் போயின. இதை மனசில் வச்சுக்கிட்டு 1937-க்கு வருவோம்.

படுக்கப் போகச் சொன்ன அப்பா

போன்ஹோஃபர் இந்தப் புத்தகத்தின் விஷயங்களைப் பாடமாக நடத்தியது ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில். அன்றைக்கு அது ஜெர்மனியின் ஷ்டெட்டின் நகரத்துக்குப் பக்கம். இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. ஹிட்லருக்கு வளைந்துகொடுத்த அதிகாரபூர்வச் சபையை ஏற்காதவர்கள் 'அறிக்கைச் சபை' என்ற பெயரில் தனியாகத் திரண்டிருந்தார்கள். அவர்களுடைய இளம் போதகர்களுக்கான பயிற்சிக்கூடம் அது. 1937 செப்டம்பரில் கெஸ்டபோ அதை மூடியது. புத்தகம் வெளியானது அதே வருஷக் கடைசியில்.

முதல் தாக்குதல் 'மலிவான கிருபை' மேல். மன்னிப்பு ஒரு கோட்பாடாக, எப்போதும் கையிருப்பில் இருக்கும் சரக்காக ஆகிவிட்டது என்கிறார். வாழ்க்கை மாற வேண்டிய தேவையே இல்லாமல் பாவமன்னிப்பு விநியோகிக்கப்படுகிறது. லூத்தர் மடத்தை விட்டு வெளியே வந்ததை, உலகத்தோடு சமாதானமாகப் போவதற்கான அனுமதிச் சீட்டாகப் பின்னால் வந்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு.

இதற்கு அவர் கொடுக்கும் விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கணக்கின் விடையும் கணக்கின் தொடக்கமும் ஒன்றில்லை. கதேயின் ஃபாவுஸ்ட் வாழ்நாள் முழுக்கப் படித்துவிட்டு, நம்மால் எதையும் அறிய முடியாது என்று வருகிற இடம் ஒன்று. அதே வாக்கியத்தை முதல் வருஷ மாணவன் தன் சோம்பேறித்தனத்துக்குச் சாக்காக எடுத்துக்கொள்வது வேறு. சொல் ஒன்றுதான், முதலாமவர் சொன்னால் உண்மை, இரண்டாமவன் சொன்னால் ஏமாற்று. லூத்தருக்குக் கிருபை கணக்கின் விடை. நமக்கு அது தொடக்கத்திலேயே தரப்பட்ட எண்ணாகிவிட்டது.

இன்னொரு இடம். அப்பா குழந்தையிடம் "போய்ப் படு" என்கிறார். குழந்தை யோசிக்கிறது: எனக்குக் களைப்பாக இருக்கும் என்றுதான் அப்பா இப்படிச் சொல்கிறார், களைப்பை விளையாடியும் போக்கலாம், ஆகவே அப்பா உண்மையில் சொல்வது "போய் விளையாடு" என்பதுதான். நம்ம வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தர்க்கத்தைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சபைகளில் இதையே வேதவிளக்கம் என்று ஏற்றுக்கொள்கிறோம். இயேசு அந்தச் செல்வந்த வாலிபனிடம் சொத்தை விற்கச் சொன்னாரா? "பற்று வைக்காதே என்பதுதான் அதன் உள்ளர்த்தம்." சரி, சொத்து? அது அப்படியே இருக்கட்டும்!

இதற்கெதிராக அவர் வைப்பது இரட்டை வாதம். விசுவாசம் இல்லாமல் வருகிற கீழ்ப்படிதல் நிஜக் கீழ்ப்படிதல் ஆகாது என்பது ஒரு பாதி. கீழ்ப்படியாத இடத்தில் விசுவாசம் முளைக்காது என்பது மறுபாதி. முதல் பாதியை லூத்தரன்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதைச் சொன்னால்தான் நெளிவார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் எந்த ஒன்றும் பொய்யாகாமல் நிற்கும் என்கிறார். மாற்கு 2-இல் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவியைப் பாருங்கள். கூப்பிட்டதும் எழுந்து போனான். அவன் முன்கூட்டியே என்ன நம்பினான், மனசில் என்ன ஓடியது என்று சுவிசேஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே விசுவாசித்துவிட்டு, அப்புறம் எழுந்தான் என்று பிரிக்க வழியே இல்லை.

'கேள்' என்ற நம்ம சொல்

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கு. கிரேக்கத்தில் கீழ்ப்படிதலுக்கான சொல் 'ஹுப்பாக்கொயே'. அதன் உள்ளே 'கேட்டல்' இருக்கிறது. ஜெர்மன் 'கெஹோர்சாம்' சொல்லுக்குள்ளும் அதே 'கேட்டல்'தான். தமிழில் இதைத் தோண்டி எடுக்க வேண்டியதே இல்லை. "பிள்ளை சொன்ன பேச்சு கேக்குதா?" என்று ஒரு அம்மாவிடம் விசாரித்தால், காது சரியாக இருக்கிறதா என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. நமக்குக் கேட்பது என்றாலே காதில் விழுவதும் செய்வதும் சேர்ந்ததுதான்.

'விசுவாசம்' அதைவிடச் சுவாரசியம். சபைக்குள் அதற்கு நம்பிக்கை என்று அர்த்தம். தெருவில் "நாய்க்கு இருக்கிற விசுவாசம்கூட அவனுக்கு இல்லை", "எஜமான விசுவாசம்" என்கிறோம். அங்கே யாரும் நாயின் கொள்கையைப் பற்றிப் பேசவில்லை. விட்டுப் போகாமல் கூடவே நிற்பதைச் சொல்கிறோம். கிரேக்க 'பிஸ்டிஸ்' சொல்லும் இப்படித்தான் நம்பிக்கை, விசுவாசமாய் நிற்றல் இரண்டையும் சுமக்கிறது. யோவான் 3:36-இல், நம்புகிறவனுக்கு எதிர்ப்பக்கம் கிரேக்க மூலம் நிறுத்துவது கீழ்ப்படிய மறுக்கிறவனை. நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவனையும் விசுவாசியாதவன் என்றே எழுதியிருப்பதால் இந்த நுணுக்கம் நம் கண்ணில் படுவதில்லை. பவுலும் ரோமர் நிருபத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் (1:5, 16:26) இரண்டு சொற்களையும் ஒரே தொடராகப் பின்னி வைத்திருக்கிறார்.

ஆகவே அடிப்படை விஷயத்தில் போன்ஹோஃபர் சொல்வது சரி என்றே படுகிறது. என் விமர்சனம் வேறு இடத்தில்.

யாரைப் பார்த்துச் சொல்வது?

"கீழ்ப்படியாத இடத்தில் விசுவாசம் இல்லை" என்ற வாதம் புத்தகத்தில் எந்தச் சூழலில் வருகிறது என்று கவனிக்கணும். ஒருவர் போதகரிடம் வந்து "என்னால் விசுவாசிக்க முடியவில்லை" என்கிறார். போதகர் திரும்பத் திரும்பக் கிருபையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை. அந்த ஆள் எங்கேயோ ஒரு இடத்தில் தெரிந்தே சொல் கேட்க மறுத்துக்கொண்டிருக்கலாம். விசுவாசம் வரவில்லை என்பதே அவருக்கு ஒளிவிடமாக இருக்கலாம். அதனால் "முதல் அடியை எடுத்து வை" என்று சொல்லுங்கள் என்கிறார். அந்த முதல் அடி யாரையும் இரட்சிக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அது ஒருவரை விசுவாசம் சாத்தியமாகிற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும், அவ்வளவுதான்.

ஆக, இது ஒரு குறிப்பிட்ட நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. சாப்பிட வேண்டியவர் 'நான்'. இதையே 'அவன்' மேல் வைத்தால் மருந்து தராசாக மாறிவிடுகிறது. அவன் கீழ்ப்படிகிறானா? இல்லை. அப்போ அவன் விசுவாசம் போலி.

அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். 1988-இல் ஜான் மக்கார்த்தர், இயேசுவை ஆண்டவராக ஏற்றுக் கீழ்ப்படிகிற மனம் இல்லாத விசுவாசம் இரட்சிக்கிற விசுவாசமே இல்லை என்று வாதிட்டு ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே ஜேன் ஹாட்ஜஸ், சார்லஸ் ரைரி இருவரும் மறுப்புப் புத்தகங்கள் எழுதினார்கள். ஹாட்ஜஸின் வாதம், இரட்சிப்பு முழுக்க இலவசம், அதில் கீழ்ப்படிதலை நுழைத்தால் செயலால் இரட்சிப்பு என்ற பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம் என்பது. இரண்டு தரப்பின் பயத்திலும் நியாயம் இருக்கு. ஆனால் இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: உண்மையான விசுவாசியை எப்படி அடையாளம் காண்பது? அதாவது மூன்றாம் ஆளைப் பற்றிய கேள்வி. மாயோரும் அம்ஸ்டோர்ஃபும் 1550-களில் மாட்டிக்கொண்ட அதே இடம். "நான் இப்போது எதைச் செய்யாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்?" என்று போன்ஹோஃபரின் நோயாளி கேட்க வேண்டிய கேள்வி அந்த விவாதத்தில் பின்னுக்குப் போய்விடுகிறது.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. அது போன்ஹோஃபரிடமிருந்தே வருகிறது. 1936-இல் அவர், தெரிந்தே அறிக்கைச் சபையை விட்டுப் பிரிகிறவர் இரட்சிப்பை விட்டே பிரிகிறார் என்று எழுதினார். அப்போதே பெரிய கூச்சல் எழுந்தது. இது முழுக்க முழுக்க மூன்றாம் ஆளைப் பற்றிய பேச்சு இல்லையா? ஆமாம். அந்த இடத்தில் அவரோடு முழுசாக உடன்பட எனக்குத் தயக்கம் இருக்கு. ஆனால் அவர் எதிர்த்தது யாரை என்றும் பார்க்கணும். யூத வம்சாவளியில் வந்த போதகர்களை வெளியேற்றும் ஆரிய விதியை 1933 செப்டம்பரில் பழைய பிரஷ்ய சபையின் மாமன்றமே ஏற்றுக்கொண்டிருந்தது. அது பகிரங்கமான செயல். அதைத் தப்பு என்று பேர் சொல்லிக் கூப்பிடலாம், கூப்பிடத்தான் வேண்டும். ஒரு செயலை இப்படித் தீர்ப்பது வேறு. ஒரு ஆளின் விசுவாசம் இரட்சிக்கிற ரகமா என்று எடை போடுவது வேறு.

ஏப்ரல் 20, 1938

புத்தகம் வந்து சில மாதங்களில் ஒரு சோதனை வந்தது. ஹிட்லரின் பிறந்தநாளான 1938 ஏப்ரல் 20 அன்று, பெர்லினில் சபை நிர்வாகத்தின் தலைவராக இருந்த ஃப்ரீட்ரிக் வெர்னர், போதகர்கள் எல்லோரும் ஹிட்லருக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த ஆட்சியின் பிரமாணங்களில் இருந்த இரண்டு முக்கியமான சொற்களைத் தமிழில் போட்டால் என்ன வரும் தெரியுமா? விசுவாசம், கீழ்ப்படிதல். எஜமான விசுவாசம் என்கிறோமே, அந்த அர்த்தத்தில். பெரும்பாலான போதகர்கள் பிரமாணம் செய்தார்கள். அறிக்கைச் சபைக்காரர்களும் அதில் உண்டு. போன்ஹோஃபர் தன் சபைத் தலைமையைக் கண்டித்து எழுதினார்.

இங்கேதான் 'நாக்ஃபோல்கே'யின் பெரிய இடைவெளி தெரிகிறது. கூப்பிடும் குரல் யாருடையது என்பதில் அந்தப் புத்தகத்துக்குச் சந்தேகமே இல்லை. கலிலேயாக் கடற்கரையில் அது தெளிவு. பெர்லினில்? பிரமாணம் செய்தவர்களும் தங்களைக் கீழ்ப்படியாதவர்கள் என்று நினைக்கவில்லை. ரோமர் 13 அவர்கள் கையில் இருந்தது. புத்தகத்திலும் ரோமர் 13 வருகிறது. அங்கே போன்ஹோஃபர் கீழடங்கி நன்மை செய்வதைப் பற்றித்தான் பேசுகிறார். எதிர்த்து நிற்க ஒரு கதவையும் திறக்கவில்லை. ஒருமுகமான கீழ்ப்படிதல் சாக்குப்போக்குகளை உடைக்க அருமையான ஆயுதம். ஆனால் இரண்டு குரல்கள் ஒரே வேதத்தைக் காட்டிக் கூப்பிடும்போது எதைக் கேட்பது என்று அது கற்றுத்தருவதில்லை.

ஆசிரியரே தேறுவாரா?

அடுத்து என்ன நடந்தது என்பது தெரிந்த கதை. போன்ஹோஃபர் ஜெர்மன் ராணுவ உளவுத்துறையின் மறைவில் ஹிட்லருக்கு எதிரான சதிக் கூட்டத்தோடு சேர்ந்தார். 1943 ஏப்ரல் 5 அன்று கைதானார். அந்த வருஷங்களில் அவர் பொய் சொல்ல வேண்டியிருந்தது, நடிக்க வேண்டியிருந்தது, ஒரு கொலைத் திட்டத்தை அறிந்து ஆதரிக்க வேண்டியிருந்தது. மலைப்பிரசங்கத்தை வரி வரியாக எடுத்து, அதை அப்படியே செய்யுங்கள் என்று எழுதிய அதே மனுஷன்!

இப்போது அந்தத் தராசை எடுத்து அவரையே நிறுத்துங்கள். வெளியிலிருந்து பார்க்கிற ஒருவருக்கு அவர் கீழ்ப்படிதலில் தவறியவராகத்தான் தெரிவார். இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. போருக்குப் பிந்தைய ஆரம்ப வருஷங்களில் ஜெர்மன் சபைக்குள்ளேயே பலர் அவரை விசுவாசத்துக்காக உயிர் விட்டவர் என்று ஏற்கத் தயங்கினார்கள். அரசியல் காரணத்துக்காகச் செத்தவர் என்று ஒதுக்கினார்கள். புத்தகத்தைத் தராசாகப் படித்தால், அது தன் ஆசிரியரையே தள்ளிவிடும்.

அவருக்கும் இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். சதிக் காலத்தில் எழுதி முடிக்காமல் விட்ட 'ஒழுக்கவியல்' நூலில், விதியைக் காப்பாற்றித் தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வதைவிட, அடுத்தவருக்காகப் பொறுப்பெடுத்துக் குற்றத்தையும் சுமக்க வேண்டி வரலாம் என்று எழுதுகிறார். தன்னை நியாயப்படுத்திக்கொள்ளாமல், மன்னிப்பை நம்பி அதைச் சுமக்கணும் என்கிறார். பாருங்கள், கிருபை இங்கே மறுபடி வருகிறது. மலிவாக வரவில்லை. கணக்கின் விடையாக வருகிறது.

ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது 1944 ஜூலை 20 அன்று. மறுநாள், டேகல் சிறையிலிருந்து நண்பர் எபர்ஹார்ட் பெட்கேவுக்கு எழுதிய கடிதத்தில் போன்ஹோஃபர் இந்தப் புத்தகத்தை நினைவுகூர்கிறார். பரிசுத்தமாக வாழ முயன்றால் விசுவாசத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் நினைத்ததாகவும், அந்தப் பாதையின் முடிவில் 'நாக்ஃபோல்கே'யை எழுதியதாகவும், அதன் ஆபத்துகள் இப்போது தெளிவாகத் தெரிந்தாலும் அதில் எழுதியதற்குப் பின்னால் இன்னும் நிற்பதாகவும் சொல்கிறார். ஆபத்து என்று அவர் எதைக் குறித்தார் என்பதில் ஆய்வாளர்களிடையே பல கருத்துகள் உண்டு. அந்தக் கடிதத்தின் போக்கை வைத்துப் பார்த்தால், தன்னை ஒரு பரிசுத்தவானாக உருவாக்கிக்கொள்ளும் முயற்சியைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது. அதாவது கீழ்ப்படிதலை ஒருவர் தன் விசுவாசத்துக்கான சான்றிதழாகச் சேர்த்து வைப்பது. தராசில் அடுத்தவரை நிறுத்தினால் அது கொடுமை. தன்னையே நிறுத்திக்கொண்டே இருந்தால் அது வேறொரு சிறை.

அப்போ ஆரம்பத்தில் சொன்ன அந்த இரண்டு பேருக்கும் என்ன பதில்? ஏழையைப் பிழிகிறவனிடம் போன்ஹோஃபரின் இரண்டாவது பாதியைச் சொல்லலாம்: நீ வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடு, அப்புறம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவோம். தூங்காமல் தவிப்பவரிடம் அதே பாதியைச் சொன்னால் அது அடித்து விழுந்தவரை மறுபடி அடிப்பது. அவருக்கு முதல் பாதி வேண்டும்: நீ கேட்ட குரல் உன்னை நேசிக்கிறவருடையது, அவர் உன் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. எந்தப் பாதி யாருக்கு என்பதை மட்டும் புத்தகத்தால் சொல்ல முடியாது. அதற்கு எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளைத் தெரிந்திருக்கணும். அவர் பேசுவதைக் கேட்கணும்.